பச்சைத் தொட்டி வைத்த வாசல்

மயிலாப்பூர்
7 ஜூலை 2025

அஃப்சருன்னிசா அவர்களுக்கு,

எதிர் ஃபிளாட் சூடாமணி எழுதுகிறேன். கவரின் பின்னால் இருக்கும் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால் அதுவே பெரிய விஷயம். உங்கள் ஆதம்பாக்கம் விலாசத்தை வாட்ச்மேன் வெள்ளைச்சாமியிடம் வாங்கினேன். "நீ குட்த்த கம்ப்ளெய்ன்ட்லதான மாமி அவங்க காலி பண்ணிக்கினு போனாங்கோ, இப்ப இன்னாத்துக்கு அட்ரஸு?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தான். கேட்கட்டும், அவன் கேட்காமல் யார் கேட்பது.

ஃபோன் செய்யாததற்குக் காரணம் வீம்பு இல்லை. நான் எழுதப் போவதை வாய்விட்டுப் பேச முடியாது. பேசினால் எங்காத்துக்காரர் காதில் விழும். விழுந்தால், "யாரைப் பத்திடி பேசிண்டிருக்கே? பாவம், யாருக்கு இப்படி ஆச்சு?" என்று கேட்பார். போன வாரம் டாக்டரிடம் பேசியபோது அப்படித்தான் கேட்டார்.

அவருக்கு மறதி முற்றிவிட்டது. நீங்கள் இங்கே இருந்தபோது மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். இப்போது வீட்டைத் தேடுகிறார். சாயங்காலம் கீழே இறங்கிப் போய் வெள்ளைச்சாமியோடு பெஞ்சில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துவிட்டு மேலே வருவார், ஞாபகம் இருக்கிறதா? அந்த ஒன்றைத்தான் இன்னும் தானாகச் செய்துகொண்டிருந்தார். அதற்கும் வந்தது வினை. பொங்கலுக்கு அசோசியேஷனில் எல்லாக் கதவுக்கும் ஒரே காப்பிப்பொடி நிறத்தில் பெயின்ட் அடித்துவிட்டார்கள். அடுத்த மாதமே நீங்கள் தொட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். இப்போது அவருக்கு எந்த மாடி, எந்தக் கதவு என்று பிடிபடவில்லை. மாடிப்படியில் நின்றுகொண்டு, "இங்க செடியெல்லாம் இருக்குமே, எங்க?" என்று கேட்கிறார். முந்தாநாள் மூன்றாம் மாடியில் ஒரு வீட்டுக்குள் போய் சோபாவில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டார்.

நானும் கோட்டூர்புரம் பக்கம் ஒரு நர்சரியிலிருந்து செடி வாங்கி வந்து வாசலில் வைத்துப் பார்த்தேன். வெள்ளைத் தொட்டி, பளபளவென்று இலை. "இது என்ன, ஹோட்டலா?" என்று கேட்டுவிட்டு மேலே ஏறிப் போய்விட்டார். உங்கள் தொட்டிதான் வேண்டும் போலிருக்கிறது. அந்தக் கிளிப்பச்சைப் பெயின்ட் அடித்தது, நிலையைச் சுற்றி ஏறியிருந்த மணி பிளான்ட், எல்லாம்.

புனேயில் இருக்கும் என் பிள்ளை ஹோமில் சேர்த்துவிடு என்கிறான், இல்லையென்றால் கிரில் கதவைப் பூட்டி வை என்கிறான். ஒரு நாள் பூட்டினேன். யாரோ தெரியாதவர்கள் தன்னை அடைத்து வைத்திருப்பதாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். இனி பூட்ட மாட்டேன். இந்த ஒரு மாடிப்படியையும் நான் பிடுங்கிக்கொண்டால் அவருக்கு வேறென்ன இருக்கிறது?

தொட்டிகளைக் கொஞ்ச நாள் தர முடியுமா? கேட்க எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரியும். கேட்கிறேன்.

சூடாமணி


ஆதம்பாக்கம்
14 ஜூலை 2025

சூடாமணி மாமிக்கு,

கிழிக்கவில்லை. "அவர்களுக்கு" என்று இருந்ததைப் பார்த்ததும் கிழிக்கலாம் என்று தோன்றியது. அந்த மாடியில் இருந்த காலமெல்லாம் "அடியே அஃப்சர்" என்றுதான் கூப்பிட்டீர்கள். இப்போது எனக்கு நீங்களும் அவர்களும் எதற்கு?

மனதில் இருப்பதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். செடிக்கு ஊற்றிய தண்ணீர் வழிந்து உங்கள் கோலத்தை அழித்தது, நிஜம்தான். கதவைத் தட்டி, "அஃப்சர், இங்க பாரு" என்று சொல்லியிருந்தால் நான் துடைத்துவிட்டுப் போயிருப்பேன். நீங்கள் எழுதிக் கொடுத்தீர்கள். "எதிர் வீட்டுத் தண்ணீர் என் வாசலுக்கு வரக்கூடாது." செக்ரட்டரி சாய்நாத் சார் அதை மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் படித்தார். மாமி தண்ணீரைத்தான் சொல்கிறார், வேறு எதையும் சொல்லவில்லை என்று எங்க வீட்டுக்காரர் அன்றைக்கெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அப்படிக் காதில் விழவில்லை. அதனால்தான் போகிறோம் என்றுகூடச் சொல்லாமல் வந்தேன்.

அவர் போன மாதம் மௌத்தாகிவிட்டார் மாமி. தி.நகர் கடையில் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மயிலாப்பூர் வீட்டுக்குச் சொல்லலாமா என்று பிள்ளை ஆசிஃப் கேட்டான், நான்தான் வேண்டாம் என்றேன். அந்த வீம்பு எனக்கு இருந்தது.

இப்போது நான் இத்தாவில் இருக்கிறேன். நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக்கூடாது. இல்லாவிட்டால் தொட்டியோடு நானே வந்து, உங்களிடம் நன்றாகச் சண்டை போட்டுவிட்டு, சாரையும் பார்த்துவிட்டு வந்திருப்பேன். ஆசிஃப் வியாழக்கிழமை சின்ன வேன் எடுத்துக்கொண்டு வருவான். உயரமான பாம் செடி இரண்டும் நிலைக்கு இரு பக்கம். அதற்கு முன்னால் குரோட்டன்ஸ். ஃபெர்ன் ஸ்டாண்டில், கொஞ்சம் வெளிச்சம் வருகிற பக்கம். மணி பிளான்டை நிலைமேல் ஆணியில் சுற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். கூடவே ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் வைக்கத் தட்டு அனுப்புகிறேன். உங்கள் கோலத்துக்கு ஒன்றும் ஆகாது.

அஃப்சர்


மயிலாப்பூர்
22 ஜூலை 2025

அடியே அஃப்சர்,

காதர் பாய் போய்விட்டார் என்று படித்ததும் சமையலறையில் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். எழுந்து வந்து உன் பக்கத்தில் இருக்க வேண்டியவள், கடிதாசு எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ வாசல் தாண்டக்கூடாது. நான் தாண்டினால் இவரை யாரிடம் விட்டுவிட்டு வருவது? இவரையும் கூட்டிக்கொண்டு வரலாமென்றால் ஆட்டோ இரண்டு தெரு போவதற்குள் இறங்கிவிடப் பார்க்கிறார். மயிலாப்பூருக்கும் ஆதம்பாக்கத்துக்கும் நடுவில் என்ன பெரிய தூரம்? இருந்தும் உன் கையைப் பிடித்துக்கொள்ள என்னால் வர முடியவில்லை.

அவரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. குழந்தை மாதிரி அழுதார். சாப்பிட்டுக் கை அலம்பியதும், "காதர் பாய் கடைலேர்ந்து வந்தாச்சா? மேட்ச் ஸ்கோர் கேக்கணும்" என்றார். மறுபடி ஒருமுறை காதர் பாயைக் கொல்ல எனக்கு மனசு வரவில்லை. இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

கம்ப்ளெய்ன்ட் விஷயத்தில் எனக்குத் தெரிந்தது தண்ணீரும் கோலமும்தான். ஆனால் நீ எழுதியதற்குப் பிறகு அந்த வரியை எனக்கு நானே ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். உனக்கு எப்படி விழுந்திருக்கும் என்று தெரிந்தது.

தொட்டிகள் வந்தன. ஆசிஃப் வேர்க்க விறுவிறுக்கத் தூக்கி வந்து, நீ சொன்னபடி எங்கள் வாசலில் அடுக்கி, ஆணி அடித்துக் கொடியை ஏற்றிவிட்டுப் போனான். காப்பி கொடுத்தேன், நின்றுகொண்டே குடித்தான். உன் வாசல் அப்படியே என் வாசலுக்கு வந்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். இவர் எப்போது கீழே போவார் என்று காத்திருந்தேன்.

போனார். திரும்பி வரும்போது கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். செடியைப் பார்த்ததும் மூன்றாம் மாடிக்கு ஏறாமல் நின்றுவிட்டார். முகம் தெளிந்தது. ஃபெர்னைக்கூடத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் நேராகத் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர் வீட்டுப் பெல்லை அழுத்தினார்.

அங்கே இப்போது கிரீஷ், ஸஹானா என்று சின்னஞ்சிறுசுகள் வாடகைக்கு இருக்கிறார்கள். அந்தப் பெண் தனியாக உட்கார்ந்து ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தவள், கதவைத் திறந்ததும் இவர் பாட்டுக்கு உள்ளே போய் சட்டையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். அவள் போட்ட சத்தத்தில் நான் ஓடினேன். "இது எங்காம், நீ யாரும்மா?" என்று அவளிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறார். தினமும் இப்படியே நடக்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாகிவிட்டது. ஏன் என்று உனக்காவது புரிகிறதா?

சூடாமணி


ஆதம்பாக்கம்
28 ஜூலை 2025

மாமி,

கணக்கு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர் நீங்கள். இது தெரியவில்லையா?

சாருக்குச் செடி இருக்கும் வாசல் என் வாசல். அதற்கு எதிரே இருப்பதுதான் உங்கள் வீடு. அத்தனை வருஷமும் படியேறி வந்து, முதலில் என் செடியைப் பார்ப்பார். நான் நின்றால், "என்னம்மா, சௌக்கியமா?" என்பார். பிறகு திரும்பினால் அவர் கதவு. அந்தப் பழக்கத்தில்தான் இப்போதும் திரும்புகிறார். சார் தப்பே செய்யவில்லை. நாம்தான் வீட்டை இடம் மாற்றி வைத்துவிட்டோம்.

தொட்டிகளை எதிர் வாசலில் வையுங்கள். அந்தப் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள், மனிதப் பிறவிதானே.

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதத்தான் ஆசை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரிகிறது. செடிகள் போனதும் பால்கனி காலியாகிவிட்டது.

அஃப்சர்


மயிலாப்பூர்
30 ஆகஸ்ட் 2025

அஃப்சர்,

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. நடந்ததைக் கேள்.

உன் கடிதம் வந்த அன்றே ஸஹானாவிடம் போய்க் கேட்டேன். நல்ல பெண். "அதுக்கென்ன ஆன்ட்டி, வெச்சுக்கோங்க" என்றாள். முதலில் பிடித்துக்கொண்டவர் சாய்நாத்தான். யாரும் அடுத்த வீட்டு வாசலில் எதையும் வைக்கக்கூடாது என்று விதி இருக்கிறதாம். என்னுடைய கம்ப்ளெய்ன்டுக்கு அப்புறம் போட்ட விதி. என் எழுத்தையே என்னிடம் காட்டினார். கிரீஷ் போய்ப் பேசி அவரைச் சரிக்கட்டினான்.

தொட்டிகளை அங்கே மாற்றினோம். அன்று சாயங்காலம் இவர் மேலே வந்தார், செடியைப் பார்த்தார், திரும்பினார். எங்கள் பெல் அடித்தது. கதவைத் திறந்தேன். "என்னடி, காப்பி போட்டாச்சா?" என்று கேட்டபடி உள்ளே வந்தார். அஃப்சர், அந்த ஒரு வாரம் நான் எப்படி இருந்தேன் என்று எழுதத் தெரியவில்லை. பிள்ளைக்கு ஃபோன் போட்டு, ஹோமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அப்பா தானாக வருகிறார் என்று கத்தினேன்.

அப்புறம் ஸஹானாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமாவாம். ஈர மண், இலைத் தூசி எதுவும் ஆகாது. என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இன்ஹேலரை வைத்துச் சமாளித்திருக்கிறாள். ஒரு நாள் முடியாமல் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். மறுநாள் கிரீஷ் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து என் வாசலில் வைத்தான். கண்ணில் தண்ணீரோடு, "ஸாரி ஆன்ட்டி, வேற வழி தெரியல" என்றான். இவர்களைத் திட்டிவிட்டாவது ஆறலாம் என்றால் திட்டவும் வழியில்லை.

தொட்டியே வேண்டாம் என்று மொட்டைமாடிக்கு ஏற்றிப் பார்த்தேன். அன்று இவர் எந்த மாடியிலும் நிற்கவில்லை. ஏறினார், இறங்கினார், வெள்ளைச்சாமி தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் தெருவுக்கே போய்விட்டார். மந்தைவெளி பஸ் ஸ்டாண்டில் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் செடி இருக்கிற வீடு எது என்று கேட்டுக்கொண்டிருந்தவரை ஒரு கண்டக்டர் உட்கார வைத்திருந்தார். அதனால் தொட்டிகள் மறுபடி என் வாசலுக்கே வந்துவிட்டன. செடியைப் பார்த்தால் இந்த மாடியிலாவது நிற்கிறாரே.

இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? எதிர் வீட்டில் பெல் அடிக்கிறார். அவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், யாரும் திறப்பதில்லை. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, திரும்பி வந்து என் கதவைத் தட்டுகிறார். திறந்தால் கைகூப்பி, "அஃப்சர், எங்காத்துல யாரும் கதவைத் தெறக்க மாட்டேங்கறா. சூடாமணி எங்க போனாளோ தெரியல. சித்த நேரம் இங்க ஒக்காந்துக்கட்டுமா?" என்கிறார்.

முதல் நாள், நான்தான் சூடாமணி, கண்ணைத் திறந்து பாருங்கோ என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். பயந்துபோய் வாசலைப் பார்த்து ஓடப் பார்த்தார். அப்புறம் என்ன செய்வது? "வாங்க சார், உள்ள வாங்க" என்றேன். கல்யாணமானதிலிருந்து "ஏன்னா" என்று கூப்பிட்ட மனுஷனை சார் என்று கூப்பிடுகிறேன். தன் வீட்டு நாற்காலியில், அடுத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். ராத்திரி சாப்பாடு வரைக்கும் நான் நீதான். தூங்கி எழுந்தால் மறுபடி சூடாமணி ஆகிறேன்.

நேற்று, "காதர் பாய் எங்கம்மா?" என்று என்னிடம் கேட்டார். நீயாக இருந்து நான் என்ன பதில் சொல்ல? கடைக்குப் போயிருக்கார் என்றேன். தப்பாக இருந்தால் சொல்லிவிடு, இனி சொல்ல மாட்டேன்.

சூடாமணி


ஆதம்பாக்கம்
6 செப்டம்பர் 2025

மாமி,

தப்பில்லை. கடையிலேயே இருக்கட்டும். இங்கே எல்லோரும் என்னிடம் ஸபர், பொறுமை என்று சொல்கிறார்கள், ஃபாத்திஹா ஓதுகிறார்கள், அவருடைய சட்டைகளை யார் யாருக்குக் கொடுப்பது என்று பேசுகிறார்கள். உங்கள் வீட்டில் மட்டும் அவர் இன்னும் வர வேண்டியவராக இருக்கிறார். அதை எடுத்துவிடாதீர்கள்.

சார் என் வீட்டுக்கு வந்தால் எப்படி என்று சொல்கிறேன், உங்களுக்கு உதவும். வந்ததும் ஃபேன் போட வேண்டும். சோபாவில் உட்கார மாட்டார், கதவுக்குப் பக்கத்தில் நாற்காலிதான். நான் தலையில் முக்காடு போட்டுக்கொண்டுதான் அவர் முன்னால் வருவேன், நீங்களும் புடவைத் தலைப்பைப் போட்டுக்கொண்டால் அவருக்குச் சங்கடம் இருக்காது. டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை கேட்பார். "சூடாமணிகிட்ட சொல்லிடாதேம்மா" என்பார். அவருக்குச் சுகர் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது மாமி, சத்தியமாக.

என்னைப் பற்றி அவரிடம் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்க மாட்டேன். என்னைவிட நல்ல அஃப்சராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அஃப்சர்


மயிலாப்பூர்
9 அக்டோபர் 2025

அஃப்சர்,

முக்காடு போட்டுக்கொண்டேன். சர்க்கரை அரை ஸ்பூனுக்கு மேல் தரவில்லை, அது மட்டும் என்னால் ஆகாது. "இன்னிக்கு டீ சப்புன்னு இருக்கேம்மா" என்று உன்னைக் குறை சொன்னார்.

நீ சொன்னபடி எல்லாம் நடக்கிறது, கடைசியில் ஒன்றுதான் முடியவில்லை. டீ குடித்து முடித்ததும் எழுந்துவிடுகிறார். "கெளம்பறேன்மா. சூடாமணி தனியா இருப்பா, இருட்டினா அவளுக்கு பயம்" என்கிறார். எனக்கு இருட்டென்றால் பயம் என்று நான் அவரிடம் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. மாமி இப்ப வந்துடுவாங்க சார், உக்காருங்க என்று நான் சொல்ல வேண்டியிருக்கிறது. உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். நான் வர மாட்டேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இத்தா முடிந்ததும் ஒரு சாயங்காலம் இங்கே வா. நீ உள்ளே இரு, உன் வீடு மாதிரி. அவர் வந்து தட்டினால் நீ கதவைத் திற, நீ டீ கொடு. நான் மொட்டைமாடிக்குப் போகும் படியில் நின்றுகொள்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து நான் வந்து பெல் அடிக்கிறேன். நீ திறந்து, மாமி வந்துட்டாங்க சார் என்று சொல்லு. ஒரே ஒரு தடவை அவர் காத்திருந்ததற்கு நான் வந்து சேர வேண்டும். அவ்வளவுதான். உனக்கு இருக்கும் துக்கத்தில் இதைக் கேட்பது அசட்டுத்தனம் என்று தெரிகிறது.

டிசம்பரில் பிள்ளை வருகிறான். நான் முக்காடு போட்டுக்கொண்டு அவன் அப்பாவை சார் என்று கூப்பிடுவதைப் பார்த்தால், அப்புறம் ஹோம்தான்.

சூடாமணி


ஆதம்பாக்கம்
2 நவம்பர் 2025

மாமி,

கோபமா? நான் வந்துவிட்டுப் போய் ஒரு வாரம் ஆகிறது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் செய்தது தப்பா என்று இங்கே உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் படியில் இருந்தபோது உள்ளே நடந்ததைச் சொல்கிறேன். சார் தட்டினார். திறந்தேன். நிஜமான நான் நிற்கிறேனே, ஏதாவது வித்தியாசமாகப் பார்ப்பாரோ என்று பயந்தேன். ஒன்றும் இல்லை. "என்னம்மா, இளைச்சுட்டியே" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தார். காதர் பாய் எங்கே என்று கேட்டார். கடையில இருக்காரு சார், கணக்கு முடிச்சுட்டு வருவாரு என்று என் வாயாலேயே சொன்னேன். நாக்கு தடுக்கவில்லை. சொல்லிவிட்டு நானும் ஒரு நிமிஷம் கதவைப் பார்த்தேன் மாமி.

அப்புறம் உங்கள் பெல். நீங்கள் சொன்னபடி சொன்னேன். அவர் முகத்தை நீங்களும் பார்த்தீர்கள். "எங்கடி போயிட்டே இத்தனை நாழி?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தார். தாங்கிப் பிடிக்கக் கை நீட்டினேன், வேண்டியிருக்கவில்லை. நேராக வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதோடு முடிந்தது, நாம் நினைத்தது நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அவர் என் பக்கம் திரும்பிக் கைகூப்பி, "வரேம்மா, ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு உங்களை வெளியே கூட்டிக்கொண்டு போனார். வராண்டாவைத் தாண்டி எதிர்க் கதவுக்கு. வீட்டுக்காரியம்மா வந்தாயிற்று, இனி வீட்டுக்குப் போக வேண்டியதுதானே. நாம் இரண்டு பேரும் இதை யோசிக்கவே இல்லையே மாமி.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் வாசலில் நின்றால் அவர் திரும்பிப் பார்ப்பார், வந்தவர்களை வழியனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவதுதான் வழக்கம் என்று நினைத்துச் சாத்திவிட்டேன். உங்கள் வீட்டுக்குள் நான், வெளியே நீங்கள். உங்கள் குரல் கேட்டது, என்ன பேசினீர்கள் என்று புரியவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தீர்கள். "நீ கெளம்பு, ஆசிஃப் கீழ நிக்கறான்" என்றீர்கள். அதற்கு மேல் என் முகத்தையே பார்க்கவில்லை. அங்கே என்ன ஆயிற்று?

அஃப்சர்


மயிலாப்பூர்
10 நவம்பர் 2025

அஃப்சர்,

உன்மேல் எனக்கு என்ன கோபம். நீ கதவைச் சாத்தியதும் சரிதான். திறந்து வைத்திருந்தாலும் அவர் அந்தப் பக்கம் வந்திருக்க மாட்டார். உன் முகத்தைப் பார்த்தால் உடைந்துவிடுவேன் என்றுதான் பார்க்கவில்லை.

எதிர்க் கதவுக்குப் போனோம். சட்டைப் பையைத் தடவினார், வேஷ்டி மடிப்பைத் தடவினார். "சாவி உங்கிட்டயா?" என்றார். இது நம்மாத்துக் கதவு இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என் கையை அவர் விடவில்லை அஃப்சர். எத்தனை மாதமாயிற்று, நான் யார் என்று சாயங்கால வேளையில் தெரிந்துகொண்டு அவர் என்னைத் தொட்டு. சொல்ல மனசு வரவில்லை. சாவியை மறந்துட்டேன் என்றேன். நன்றாகத் திட்டுவார் என்று பார்த்தால், "போறது போ, நீ வந்துட்டியோன்னோ" என்றார்.

மாடிப்படியில் உட்கார்ந்தோம். "எங்கயோ போயிட்டியோன்னு பயந்துட்டேன்டி" என்றார். உன் வீட்டுக்கு அடிக்கடி போய் டீ குடிப்பதை என்னிடம் ஒப்புக்கொண்டார். அஃப்சர் ரொம்ப நல்ல பெண், நீ அவள்மேல் எழுதிக் கொடுத்தது சரியில்லை என்று எனக்குப் புத்தி சொன்னார். எல்லாம் ஞாபகம் இருக்கிறது, வீடு எது என்பது மட்டும் இல்லை. இருட்டிவிட்டது, கொசு பிடுங்கியது, அவருக்குப் பசி. அஃப்சராத்துல உக்காந்துக்கலாம் என்று சொல்லிக் கூட்டி வந்தேன். அப்போதுதான் நீ கிளம்பினாய். நீ படியிறங்கிப் போனதும் என்னைப் பார்த்து, "ஏம்மா, சூடாமணி இப்பதானே எங்கூட வந்தா, அவளைப் பாத்தியா?" என்று கேட்டார். நான் உள்ளே போய்த் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

அதனால் இப்போது ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். அவர் கீழேயிருந்து ஏறி வருவதற்குள் நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிடுகிறேன். வந்ததும், "இங்கயா இருக்கே?" என்று பக்கத்தில் உட்காருகிறார். உள்ளே போனால் நான் நீயாகிவிடுவேன். படியில் இருக்கும் வரை சூடாமணிதான். இரண்டு பேரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். மேல் மாடிக்காரர்கள் ஒதுங்கி வழி கேட்டுப் போகிறார்கள். சாய்நாத்கூட ஒன்றும் சொல்லவில்லை. இது எத்தனை நாளைக்கு ஓடும், டிசம்பரில் பிள்ளைக்கு என்ன சொல்வேன், எதுவும் எனக்குத் தெரியவில்லை. நீ ஏதாவது யோசித்தால் எழுது. யோசிக்க ஒன்றும் இல்லை என்றாலும் எழுது.

நேற்று நாங்கள் அப்படி உட்கார்ந்திருக்கும்போது ஸஹானா ஆபீஸிலிருந்து வந்தாள். எங்களைப் பார்த்துச் சிரித்தாள். பையிலிருந்து சாவியை எடுத்து எதிர்க் கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள். இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல என் காதுக்குப் பக்கத்தில் வந்து கேட்டார்: "அந்தப் பொண்ணுகிட்ட சாவி இருக்கே. நம்மகிட்ட ஏன்டி இல்லே?"

சூடாமணி